கோடையில் பொட்டலாய்க் கிடக்கிற காட்டில் எலி எங்கே இருக்கு? கதிர் வந்ததும் எங்கிருந்து வருது?

உப்பாத்துக்கரை:
ராமநாதபுரம் மாவட்டத்தில் தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவில், கடலிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி நிலம். புழுதி விதைப்பு நெல், மழையும் கம்மாய்த் தண்ணியும்தான். கிழக்கே போகப் போக மணல் பாங்கு, மேற்கே களி. தை அறுப்பு முடிஞ்சா அடுத்த புரட்டாசி வரைக்கும் வேலிக்கருவையைத் தவிர பச்சைன்னு ஒண்ணும் இருக்காது. ஆனா பயிர் பக்கத்தண்டு விட்டுத் தூர் கட்ட ஆரம்பிச்ச உடனே எலி வந்து நிக்குது.

தெரிஞ்சவங்க சொல்லுங்க. இங்கே இருப்பது என்னென்ன எலி? பச்சை இல்லாத மாசங்களில் எங்கே கிடக்குது, எதைத் தின்னுது? வளையைப் பார்த்தே இன்ன எலின்னு சொல்ல முடியுமா? எந்த நேரத்தில் கை வச்சா பலன்? "மருந்து வை" என்று மட்டும் சொல்ல வேண்டாம், அதைக் கடைக்காரரே சொல்லிவிட்டார்.

வரப்புமேடு:
கேள்வியை இந்த வரிசையில் கேட்டதே பாதி வேலை. எல்லா எலிக்கும் ஒரே வைத்தியம் பார்ப்பதில்தான் காசு வீணாகிறது. நம் கரையோர நிலத்தில் முக்கியமாக நாலு வகை.

முதலாவது வரப்பெலி. கருத்த, தடித்த உடம்பு, மொட்டை மூக்கு, உடம்பைவிடக் குட்டையான வால். வளர்ந்தது கால் கிலோ வரும். நெல்லில் பெரிய சேதம் இதனால்தான். ஈர மண் இல்லாமல் இதற்கு வாழ்க்கை இல்லை. நன்றாக நீந்தும். ஒரு வளைக்கு வளர்ந்த எலி பெரும்பாலும் ஒன்று, குட்டி போட்ட பெட்டையானால் குட்டிகளோடு. வளைக்குள் கூடு தனி, தானியக் கிடங்கு தனி. அறுப்பு சமயத்தில் வெட்டிப் பார்த்தால் கதிர் கதிராக அடுக்கி வைத்திருக்கும்.

இரண்டாவது வெள்ளெலி. மணல் நிறம், வெள்ளை வயிறு, பெரிய கண், உடம்பைவிட நீண்ட வால், வால் நுனியில் கருப்பு மயிர்க்குஞ்சம். வறண்ட காட்டுக்கென்றே பிறந்தது. விதை, கிழங்கு, புல்வேர், பூச்சி என்று எது கிடைத்தாலும் ஓட்டிக்கொள்ளும். சிறுநீரைக் கெட்டியாக்கித் தண்ணீரை மிச்சம் பிடிக்கிற சிறுநீரகம் இதற்கு. தீனியில் இருக்கிற ஈரத்திலேயே நெடுநாள் தாக்குப்பிடிக்கும். உங்கள் கிழக்குப் பக்க மணலில் இதுதான் இருக்கும்.

மூன்றாவது புல்லெலி. மெத்தென்ற மயிர், நூறு கிராமுக்குள்தான் எடை. களி வெடிப்பில் குடியிருக்கும். தானாகப் பெரிய வளை தோண்டுவது குறைவு. வெடிப்பு இல்லாத இடத்தில் மற்ற எலி விட்டுப்போன வளையைப் பிடித்துக்கொள்ளும். முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் கரிசலில் இது அதிகம். நாலாவது வயல் சுண்டெலி, பத்து கிராம் சுமார். சேதம் சில்லறைதான்.

வளையைப் பார்த்துச் சொல்ல முடியும். நிதானமாகக் குனிந்து பார்க்க வேண்டும்.

வரப்பெலி வளை வாயில் புது மண் கட்டி கட்டியாகக் குவிந்திருக்கும். குடியிருக்கிற வளையென்றால் வாயை உள்ளிருந்து மண்ணால் அடைத்திருக்கும். திறந்து கிடக்கும் வளையில் எலி இருக்கிறது, அடைத்த வளையில் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். இதில் நேர் எதிர். வெள்ளெலி வளை வாய் திறந்தே இருக்கும், முன்னால் மணல் விசிறி போலப் பரவிக் கிடக்கும், வாயிலிருந்து புதருக்குத் தேய்ந்த தடம் போகும். காலையில் மணலில் பார்த்தால் நீளமான பின்கால் தடம் ஜோடி ஜோடியாகத் தெரியும். சுண்டெலி வளை இரண்டு விரல் அகலந்தான், வாயில் பொடிப்பொடியாய் மண் உருண்டை.

இதோடு நண்டு வளையையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். நண்டு வளை வட்டமாக, உள்பக்கம் வழவழவென்று பூசினாற்போல் இருக்கும், வாயைச் சுற்றிச் சேற்று உருண்டைகள். நண்டு வளைக்குள் எலி மருந்து போடுகிறவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று. வரப்பெலி, வெள்ளெலி இரண்டுமே ஒரு தப்புவழி வைத்திருக்கும். சுரங்கத்தின் ஒரு கிளை மண் மட்டத்துக்கு விரல்கடை கீழே வந்து நின்றுவிடும், மேலே மெல்லிய மண் தோடு மட்டும். வாயில் வெட்டினால் அந்தத் தோட்டை முட்டிக்கொண்டு பாயும். எனவே வெட்டுகிறவர் ஒருவர் என்றால் சுற்றி நிற்க இரண்டு பேர் வேண்டும். வளைக்குள் கை விடவே கூடாது. எலி போன வளையில் நல்ல பாம்பும் விரியனும் படுத்திருக்கும்.

கம்மாய்க்கரையான்:
மேல வரப்புமேடு அண்ணன் சொன்னது சரி. கோடையில எங்கே இருக்குங்கிறதை நான் சொல்றேன்.

வயல் காஞ்சா வரப்பெலி சாகாது, ஒதுங்கும். மாசி பங்குனியில வயல்ல இருக்கிற வளையெல்லாம் ஒவ்வொண்ணா வெறுமையாகும். அது போற இடம் அஞ்சாறுதான்: கம்மாய்க்கரையோட உள்சரிவு, மடைக்குப் பக்கம் கசிவு இருக்கிற இடம், ஊருணிக்கரை, கிணத்துப் பாசனத்துல பருத்தியோ மிளகாயோ நிக்கிற தோட்டம், தென்னந்தோப்பு வாய்க்கால், அப்புறம் வீட்டோரத்து வைக்கப்படப்பு. ஈரமும் தீனியும் சேர்ந்து இருக்கிற இடம் நம்ம சீமையில கோடையில அவ்வளவுதான். மழைக்காலத்துல ஏக்கர் கணக்குல பரவிக் கிடந்தது, சித்திரையில சில நூறு அடி கரைக்குள்ள வந்து அடங்கிரும்.

வெள்ளெலி அப்படி இல்லை. அது இடத்தை விட்டு அசையாது. வேலிக்கருவைத் தூருக்கு அடியில வளை, உதிர்ந்த கருவை நெத்துதான் தீனி. நெத்து இனிப்பு, ஆடும் திங்கும், எலி உள்ள இருக்கிற விதையையும் கடிச்சுத் திங்கும். முள் இருக்கிறதால நாயும் நரியும் உள்ள நுழையாது. கருவை வந்த பிறகு வெள்ளெலிக்கு வருசம் பூரா சோறும் வீடும் ஒரே இடத்துல கிடைச்சுருச்சு.

புரட்டாசியில விதைச்சதும் முதல்ல வர்றது இந்த வெள்ளெலிதான். புழுதியில போட்ட நெல்லு முளைக்க மழை வரணும், அது வரைக்கும் விதை மண்ணுக்குள்ள சும்மா கிடக்கும். மழை தள்ளிப்போனா அத்தனை நாளும் அதுக்கு விருந்து. பயிர் வரிசையில திட்டுத் திட்டா முளைப்பு இல்லாம இருந்தா, விதை மேல பழி போடுறதுக்கு முன்னாடி அந்தத் திட்டு வேலியோரமா இருக்கா, மண்ணைக் கிளறுன சின்னக் குழியும் நெல் உமியும் கிடக்கான்னு பாருங்க.

அய்ப்பசி மழை இறங்கி மண்ணு நனைஞ்சதும் வரப்பெலி கரையை விட்டு இறங்கி வாய்க்கால் வழியா வரப்புக்கு வரும். நீங்க "வந்து நிக்குது"ன்னு சொல்றது இதைத்தான்.

இதுல பிடிக்க வேண்டிய நூல் என்னன்னா, அது அடங்கிக் கிடக்கிற நேரம் பங்குனியிலிருந்து ஆவணி வரைக்கும். நாம அப்ப எலியை மறந்திருப்போம். ஊர் கூடி ஒரு வாரம் கரையோரத்துலயும் படப்படியிலயும் கை வச்சா, மார்கழியில ஆளாளுக்குத் தனித்தனியா செலவழிக்கிறதுல பெரும்பகுதி மிச்சம்.

ஒரு எச்சரிக்கை: கம்மாய்க்கரையை வெட்டி எலி பிடிக்கக் கூடாது. கோடையில வெட்டிட்டு லேசா மண்ணைத் தள்ளி மூடினா, கார்த்திகையில அந்த இடத்துலதான் கரை கசியும், அப்புறம் உடையும். கரையில வளைக்குள்ள தீனி வைக்கிறது, கிட்டிங்கிற எலிப்பொறி வைக்கிறது ரெண்டும்தான். எலி போன பிறகு வளையில ஈரக் களியைக் கொஞ்சம் கொஞ்சமா போட்டு கம்பால குத்திக் கெட்டிக்கணும். மணலைக் கொட்டி அடைக்கிறது அடைக்காததுக்குச் சமம்.

உப்பாத்துக்கரை:
ரெண்டு பேருக்கும் நன்றி. இப்போது பயிர் தூர் கட்டுது. களிப் பக்கம் நடுவயலில் ரெண்டு மூணு இடத்தில் தட்டு வெட்டுப்பட்டுக் கிடக்குது, வெட்டுவாய் சரிவாக இருக்கு. வரப்போரத்துப் பயிருக்கு ஒண்ணும் ஆகலை. வரப்பில் அடைச்ச வளை நிறைய. எலிதானே? வளையில் புகை மூட்டம் போடலாமா? பக்கத்தில் ஒருத்தர் மாத்திரை போடச் சொல்றார்.

வரப்புமேடு:
எலிதான், அதுவும் வரப்பெலி. தரைக்குச் சற்று மேலே, பேனா முனை சீவினாற்போல் சாய்ந்த வெட்டு என்றால் சந்தேகம் வேண்டாம். குருத்துப்பூச்சி என்றால் வெட்டே இருக்காது, நடுக்குருத்து காய்ந்து இழுத்தால் கையோடு வரும். வரப்போரம் தப்பி நடுவில் சேதம் என்பதும் எலியின் குணந்தான். ஓரத்தில் ஆந்தைக்கும் நாய்க்கும் அஞ்சும், பயிர் மறைவுக்குள் நிம்மதியாக வெட்டும்.

தூர் கட்டும்போது வெட்டுப்பட்டால் பயிர் மறுதூர் விட்டு ஓரளவு ஈடுகட்டும். பொதிக்கட்டுக்குப் பிறகு, அதாவது கதிர் தண்டுக்குள் பொதிந்து நிற்கும் கட்டத்துக்குப் பிறகு, வெட்டுப்படும் ஒவ்வொரு தட்டும் போனது போனதுதான். ஆகவே இப்போதிலிருந்து பொதி வரைக்கும் உள்ள நாட்கள்தான் உங்கள் கையில்.

மூட்டம் களிப்பக்கம் ஈரமாக இருக்கும்போது வேலை செய்யும். புகை உள்ளே நிற்க வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். மணலிலும் வெடித்த களியிலும் புகை எல்லாத் திசையிலும் கசிந்துவிடும். மூட்டம் போடுவதற்கு முன் சுற்றியுள்ள வாய்களை ஈர மண்ணால் அடைத்து, புகை எங்கே கசிகிறதோ அங்கேயும் அடைத்துக்கொண்டே போக வேண்டும்.

மாத்திரை வேண்டாம். அலுமினியம் பாஸ்பைடு விவசாயி கையில் கொடுக்கவே கூடாத, கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. அதிலிருந்து வருகிற வாயு மனிதனைக் கொல்லும், மாற்று மருந்து கிடையாது.

தானியக்குதிர்:
மருந்து வைப்பதில் எங்கே தப்பு நடக்கிறது என்பதை மட்டும் எழுதுகிறேன், ஏனென்றால் மருந்தின் பெயர் எல்லோருக்கும் தெரியும், வரிசைதான் தெரியாது.

முதல் நாள் சாயங்காலம் கண்ணில் படுகிற எல்லா வளையையும் மண்ணால் மூடிவிடுங்கள். மறுநாள் காலை எது திறந்திருக்கிறதோ, அல்லது புது மண் தள்ளியிருக்கிறதோ, அதுதான் உயிர் வளை. குச்சி நட்டு அடையாளம் வையுங்கள். நூறு வளை இருக்கிற வரப்பில் உயிர் வளை நாற்பதுதான் தேறும் என்றால் மருந்தும் நாற்பதுக்குத்தான்.

அன்றே உயிர் வளை ஒவ்வொன்றிலும் வெறும் தீனி, மருந்து இல்லாமல், 20 கிராம். குருணை அரிசியில் துளி எண்ணெய் பிசறியது. முழு நெல் வேண்டாம், எலி உமியை உரித்துத் தின்னும், மருந்து உமியோடு போய்விடும். வெறும் தீனியைத் தின்று பழக இரண்டு நாள் விடுங்கள்.

நாலாம் நாள் துத்தநாக பாஸ்பைடு. கணக்கு 96 பங்கு குருணை, 2 பங்கு கடலை எண்ணெய், 2 பங்கு மருந்து. வளைக்கு 10 கிராம். 40 வளைக்கு 400 கிராம் தீனி, அதாவது குருணை 384 கிராம், எண்ணெய் 8, மருந்து 8. முதலில் எண்ணெயைக் குருணையில் பிசறிவிட்டுப் பிறகு மருந்தைத் தூவிக் குச்சியால் கிளற வேண்டும். தண்ணீர் படவே கூடாது. ஈரம் பட்டால் பூண்டு நாற்றத்தோடு நச்சு வாயு கிளம்பும், மருந்தும் வீரியம் இழக்கும். வெட்டவெளியில் நின்று, கையுறை போட்டு, காற்று முதுகுப் பக்கம் இருக்கும்படி கலக்குங்கள். கலந்ததை அன்றே வைத்து முடிக்க வேண்டும். காகிதப் பொட்டலமாக மடித்து வளைக்குள் ஒரு முழம் தள்ளி, வாயை மூடிவிடுங்கள். வரப்பின் மேல் வைத்தால் முதலில் சாவது மயில். நம் மாவட்டத்தில் மயில் நடமாடாத வயல் ஏது? அடுத்தது வீட்டு நாய், கோழி. மழை மூட்டமாக இருந்தால் இரண்டு நாள் தள்ளிப்போடுங்கள்.

மறுநாள் செத்துக் கிடப்பதைப் பொறுக்கி ஆழமாகப் புதையுங்கள்.

இங்கேதான் பெரும்பாலோர் தடுக்கி விழுகிறார்கள். மிச்சம் இருக்கிற எலிக்கு அதே மருந்தை மறுபடி வைப்பார்கள். கொஞ்சமாகத் தின்று வயிறு வலித்துப் பிழைத்த எலி அந்தத் தீனியை வாரக்கணக்கில் தொடாது. துத்தநாக பாஸ்பைடு ஒரு பருவத்துக்கு ஒரு தடவைதான். வெறும் தீனி வைக்காமல் முதல் நாளே மருந்து வைப்பவர்களுக்கும் இதே கதிதான். எலி புதுத் தீனியை முதலில் முகர்ந்து ஒரு கடி மட்டும் கடிக்கும், அந்த ஒரு கடி கொல்லாது, ஆனால் மறக்காது.

எட்டு நாள் கழித்து மறுபடி வளைகளை மூடிப் பாருங்கள். திறந்தவற்றில் புரோமடியோலோன். 0.25 சதவீதத் தூளை அதே 96:2:2 கணக்கில் கலந்து வளைக்கு 15 கிராம். இது இரத்தம் உறையாமல் செய்து மெதுவாகக் கொல்லும், சாக நாலு நாளிலிருந்து பத்து நாள் வரை ஆகும். தீனிக்கும் சாவுக்கும் எலியால் முடிச்சுப் போட முடியாததால் தீனியை ஒதுக்காது. ஆனால் மெதுவாகச் சாகிற எலியைக் கூகை தின்றால் கூகைக்கும் கேடு. அதனால் எல்லா வளைக்கும் முதலிலேயே இதை வைக்கிற பழக்கம் எனக்கு உடன்பாடில்லை.

யாராவது தவறி உட்கொண்டால் மருந்து டப்பாவோடு நேரே ஆஸ்பத்திரி. புரோமடியோலோனுக்கு வைட்டமின் கே ஊசி உண்டு. துத்தநாக பாஸ்பைடுக்கு மாற்று மருந்து இல்லை.

கம்மாய்க்கரையான்:
இதுல ஒண்ணு சேர்க்கணும் அண்ணே. பால் பிடிச்ச பிறகு மருந்துத் தீனி எடுபடாது. வயல் பூரா பச்சைக் கருது தொங்கும்போது குருணையை யாரு திம்பா? அப்ப கிட்டிதான்.

தஞ்சாவூர்க் கிட்டி ஏக்கருக்கு 40 வைக்கலாம். மூங்கில் வில்லு, கயிறு, நடுவுல பொரியோ வறுத்த நெல்லோ. எலி ஓடுற தடத்துல, வளை வாயிலிருந்து எட்டடிக்குள்ள, தண்ணி மட்டத்துக்கு மேல இருக்கிற மாதிரி ஊணணும். பொழுது சாயும்போது வச்சு, விடியும்போது எடுத்துரணும், இல்லேன்னா காலையில குருவி மாட்டும். கயிறு நனைஞ்சா தொய்ஞ்சு வில்லு அடிக்கிற வேகம் போயிரும், மார்கழிப் பனிக்கு தினம் இறுக்கிப் பார்க்கணும்.

ஏன் பொதிக்கு முன்னாடியே முடிக்கணும்னு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்க. வரப்பெலிக்குச் சினைக்காலம் மூணு வாரம் சுமார். ஈத்துக்கு ஆறு எட்டு குட்டி. குட்டி போட்ட கையோட மறுபடி சினை பிடிச்சிரும். கருது உருவாகிறதிலேருந்து அறுப்பு வரைக்கும் அறுபது நாளுக்கு மேல இருக்கு, அதுக்குள்ள ஒரு பெட்டை ரெண்டு ஈத்து. கார்த்திகையில ஒண்ணை விட்டா தையில பன்னெண்டுக்குக் குறையாது. அது குட்டி போடுற காலத்தை நம்ம நெல்லு பழுக்கிற காலத்தோட சேர்த்து வச்சிருக்கு. பச்சையும் மணியும் இல்லாத மாசத்துல ஈத்தையும் குறைச்சுக்கும்.

பனங்காடை:
மருந்தே வேண்டாம் என்று நினைக்கிறவர்களுக்கு: வரப்பை ஒல்லியாக்குங்கள். ஒரு முழ அகலம், ஒரு அடி உயரத்துக்கு மேல் வரப்பு எதற்கு? அகல வரப்பில்தான் வரப்பெலி கூடும் கிடங்கும் கட்டும். ஒல்லி வரப்பில் சுரங்கம் இடிந்து விழும். வரப்பில் புல் மண்டவிடாதீர்கள். படப்பைத் தரையோடு போடாமல் கல் வைத்து, மேலே கட்டை பரப்பிப் போடுங்கள், அடியில் நாய் புகுந்து போகிற உயரம் இருக்கட்டும்.

ஆந்தைக் குச்சி ஏக்கருக்கு 16 முதல் 20. பயிருக்கு மேல் மூன்றடி நிற்கிற மாதிரி, மேலே குறுக்குக் கட்டை. விதைத்ததிலிருந்தே நடலாம். பால் பிடித்ததும் பிடுங்கிவிடுங்கள், பகலில் தானியம் தின்னும் குருவிக்கு அதே குச்சி வசதியாகிவிடும். பட்டுப்போன பனையை வெட்டாமல் விடுவது குச்சி நடுவதைவிட நல்லது, பொந்தில் ஆந்தை குடியிருக்கும். சாரைப்பாம்பை அடிக்காதீர்கள். எலி வளைக்குள்ளேயே நுழைந்து குட்டியோடு தின்னும் ஆள் அது, அடிப்பது சட்டப்படி குற்றமும்கூட.

மானாவாரி:
கேசட் நாடா, மினுமினுப்புத் தாள் கட்டினால் வராதாமே? சிமெண்டை மாவில் கலந்து வைக்கிறார்களே?

வரப்புமேடு:
நாடா முதல் சில இரவு வேலை செய்யும். அசைகிற புதுப் பொருள், ஆனால் ஆபத்து எதுவும் வரவில்லை என்று தெரிந்ததும் அதன் அடியிலேயே வெட்டும். கட்டியே ஆக வேண்டும் என்றால் பால் பிடிக்கும் நாளில் கட்டி, நாலு நாளுக்கு ஒரு தடவை இடம் மாற்றுங்கள். சிமெண்ட் மாவை எலி பாதி ஒதுக்கிவிடும், தின்றதும் பெரும்பாலும் வெளியே போய்விடும். வரப்பு நாசமாவதுதான் மிச்சம்.

இவை எல்லாவற்றையும்விடச் சத்தமில்லாமல் பலன் தருவது ஒரே வாரத்தில் விதைப்பது. ஒரு பாசனக் கம்மாய்க்குக் கீழே பாதிப் பேர் முன்னே, பாதிப் பேர் மூன்று வாரம் பின்னே விதைத்தால், முன்னவர் அறுத்த அன்றிரவே அத்தனை எலியும் பின்னவர் வயலுக்கு மாறிவிடும். கடைசியாக அறுக்கிறவர் ஊர் எலிக்கெல்லாம் சோறு போடுகிறார். ரக வயதும் அப்படித்தான், 110 நாள் ரகங்களுக்கு நடுவில் ஒரே ஒரு வயலில் 135 நாள் ரகம் இருந்தால் அந்த வயல் தேறாது.

தானியக்குதிர்:
எலிக்காய்ச்சலை யாரும் சொல்லவில்லை. எலி மூத்திரம் கலந்த வயல் தண்ணீரில் காலில் வெடிப்போ காயமோ உள்ளவர் இறங்கினால் தொற்றும். வளை வெட்டும்போதும் செத்ததைப் பொறுக்கும்போதும் கையுறை, கம் பூட்ஸ். அது இல்லையென்றால் பிளாஸ்டிக் பையையாவது கையில் சுற்றிக்கொள்ளுங்கள். பிறகு சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். வயல் வேலைக்குப் பிறகு ஒன்றிரண்டு வாரத்தில் காய்ச்சல், கெண்டைக்கால் தசைவலி, கண் சிவப்பு வந்தால் டாக்டரிடம் வயல் வேலை பார்த்ததையும் எலி பிடித்ததையும் முதலிலேயே சொல்லுங்கள்.

உப்பாத்துக்கரை:
இன்று சாயங்காலம் களிப்பக்கம் வளையெல்லாம் மூடப் போறோம், பக்கத்து வயல்காரங்க ரெண்டு பேரும் சேர்ந்துக்கிறாங்க. மணல் பக்கம் வெள்ளெலிக்கும் இதே முறைதானா?

கம்மாய்க்கரையான்:
முறை அதேதான். ஆனா அங்கே மண்ணால மூடினா மணல் தானாச் சரிஞ்சு திறந்துக்கும், உயிர் வளைன்னு ஏமாந்துருவீங்க. ஒரு கைப்பிடி இலைதழையை வாயில செருகிட்டு மேல மணல் போடுங்க. காலையில தழை வெளியே தள்ளிக் கிடந்தா எலி இருக்கு. வெள்ளெலிக்கு இப்ப அவசரம் இல்லை, பயிர் எழும்பிருச்சு. அடுத்த ஆவணியில, விதைக்கிறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி, வேலியோரக் கருவைத் தூரடியில வைங்க. பக்கத்து வயல்காரங்களைக் கூட்டும்போது அவங்க வரப்போட நிக்காம வாய்க்கால் மடை வரைக்கும் நடந்து பாருங்க, வரப்புல இருக்கிறதைவிட அங்கே அதிகம் இருக்கும்.